பாரம் குறைந்தது, குறி என்னாயிற்று?

உலக்கை பிடித்து நெல்லுக் குற்றிய கைகளுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பாரமான உலக்கையை உயர்த்துவதே சிரமம். உயர்த்திவிட்டால் குற்றும் வேலையை உலக்கையே பார்த்துக்கொள்ளும். இலேசான உலக்கையோ எளிதில் உயரும். ஆனால், ஒவ்வொரு குற்றுக்கும் கையின் பலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். எந்த உலக்கை உண்மையிற் சுகமானது என்பதைச் சிறிது நேரத்திலே தோள்மூட்டுச் சொல்லிவிடும்.

பாரம் என்றால் வேண்டாத சுமை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 'இலேசானது' என்று விளம்பரம் செய்தாற் போதும், பொருள் விற்பனையாகிவிடுகிறது. ஆயினும், ஒரு பொருளின் பாரம் சில இடங்களில் வேலையின்றிச் சும்மா இருக்கும். வேறு சில இடங்களிலோ கண்ணுக்குப் புலப்படாத ஒரு பணியை ஓயாது செய்துகொண்டிருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாது பாரத்தைக் குறைக்க முற்பட்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்குத் துப்பாக்கியின் வரலாறு நல்லதோர் உதாரணம்.

குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. துப்பாக்கி உயிரைப் பறிக்கும் கருவி. அதனைப் புகழ்வது எமது நோக்கமன்று. ஆனால், பௌதிகம் பயிலும் மாணவருக்கு நியூற்றனின் விதிகள் இத்துணை அப்பட்டமாகத் தம்மை வெளிப்படுத்தும் கருவி வேறொன்று கிடைப்பது அரிது. அன்றியும், இக்கதையின் முடிவிலே பெற்றோர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது.

பாரம் செய்யும் மூன்று பணிகள்

குறி தவறாது சுடுவதற்கென ஆக்கப்பட்ட துப்பாக்கிகள் பெரும்பாலும் பாரமானவை. அவற்றைச் செய்தவர்களுக்கு உலோகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தெரியாது என்பதன்று காரணம். அந்தப் பாரத்துக்கு மூன்று பணிகள் உண்டு.

முதலாவது, பின்னுதைப்பைத் தாங்குதல். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தாக்கத்துக்குச் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்னும் நியூற்றனின் மூன்றாம் விதியே இது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிரித்தானியப் படைகள் இரண்டு உலக மகாயுத்தங்களிலும் பயன்படுத்திய தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 11.3 கிராம் திணிவுடையது. அது செக்கனுக்கு 744 மீற்றர் வேகத்துடன் குழலை விட்டுப் புறப்பட்டது. இவ்விரண்டையும் பெருக்கினால் உந்தம் ஏறத்தாழ 8.4 அலகு ஆகும். அதே அளவு உந்தம் துப்பாக்கிக்கும் எதிர்த்திசையிற் கிடைக்க வேண்டும். துப்பாக்கியின் திணிவு 4.1 கிலோகிராம் எனின், அது செக்கனுக்கு 2 மீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் தோளை நோக்கி வரும். அதன் சத்தி ஏறத்தாழ 8.6 யூல். துப்பாக்கியின் திணிவு 3.2 கிலோகிராம் மாத்திரமே எனின், அச்சத்தி 11 யூல் ஆகிவிடும். குழலிலிருந்து வெளியேறும் வாயுவின் உதைப்பு இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் இரண்டு தொகைகளும் இன்னும் உயரும். திணிவைப் பாதியாக்கினால் பின்னுதைப்பின் சத்தி இரட்டிக்கும் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, கையின் நடுக்கத்தை அடக்குதல். எத்தகைய திடசித்தமுடையவரும் கல்லைப்போல் அசையாது நிற்க முடியாது. நாடி துடிக்கிறது, மூச்சு ஏறி இறங்குகிறது, தசைகள் மெல்ல நடுங்குகின்றன. பாரமான பொருளுக்குச் சடத்துவம் அதிகமாதலால் இத்தகைய சிறு துடிப்புகள் அதனை எளிதில் அசைத்துவிடுவதில்லை. ஒலிம்பிக் போட்டிகளிலே 10 மீற்றர் தூரத்துக்குச் சுடும் காற்றுத் துப்பாக்கியைப் பாருங்கள். அதில் வெடிமருந்து இல்லை. பின்னுதைப்பும் இல்லையென்றே சொல்லலாம். இருந்தும் வீரர்கள் பாரமான துப்பாக்கியையே விரும்புவதால், 5.5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று விதியின் மூலம் எல்லை கட்ட வேண்டியதாயிற்று. ஆடவரின் 50 மீற்றர் போட்டிக்குரிய துப்பாக்கிக்கு அந்த எல்லை 8 கிலோகிராம். உதைக்காத துப்பாக்கியையும் பாரமாக்கிக்கொள்ளுகிறார்கள் என்றால், அந்தப் பாரம் நடுக்கத்தை அடக்கும் பொருட்டே வேண்டப்படுகிறது என்பது தெளிவு.

மூன்றாவது, குழலின் விறைப்பைக் காத்தல். சுடப்பட்ட கணத்தில் குழல், தட்டிய வெண்கலப் பாத்திரம்போல் அதிர்கிறது. குண்டு குழலினுள் இருப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு நேரமே. அச்சிறு நேரத்தில் குழலின் வாய் எத்திசையை நோக்கி அசைந்ததோ அத்திசையையே குண்டு நாடும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவு திசை மாறினாலும், 100 மீற்றர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் விலகும். 500 மீற்றரில் 14 சென்ரிமீற்றருக்கு மேல் விலகும். தடித்த குழல் குறைவாக அசையும். பல முறை சுட்டாலும் மெதுவாகவே சூடேறும். மெல்லிய குழலோ விரைவில் சூடேறிச் சிறிது வளையவும் கூடும்.

ஆகவே, 'பாரத்தைக் குறைக்க வேண்டும்' என்று ஒருவர் சொல்லும்போது, இம்மூன்று பணிகளையும் இனி யார் செய்வது என்ற கேள்விக்கும் அவர் விடை கூறக் கடமைப்பட்டவராகிறார்.

காட்டுக்கென வந்த துப்பாக்கி

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பிரித்தானியப் போர்வீரனின் கையிலிருந்தது 'லீ என்பீல்ட் 4 ஆம் இலக்கம்' என்ற துப்பாக்கி. நிறை ஏறத்தாழ 9 இறாத்தல். நீளம் 44 அங்குலத்துக்கு மேல். திறந்த வெளியிலே போரிடுவோருக்கு அது குறைகூற முடியாத துணை. ஆனால், தூரகிழக்கின் அடர்ந்த காடுகளில் நிலைமை வேறு. மூங்கிற் புதர்களுக்கும் கொடிகளுக்கும் இடையே நீண்ட துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். உணவையும் தண்ணீரையும் தோட்டாக்களையும் முதுகிற் சுமந்துகொண்டு சேற்றிலும் மழையிலும் நாட்கணக்கில் நடப்பவனுக்கு ஒவ்வோர் அவுன்சும் கணக்குத்தான். அக்காலத்தில், அதாவது 1944 ஏப்பிரில் முதல், பர்மா யுத்தத்தை நடத்திய தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் எமது கண்டிக்கு இடம்மாறிப் பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கியதை வாசகர் அறிவர்.

இந்தச் சிரமத்துக்குப் பரிகாரமாக 1944 இல் உற்பத்தியாகத் தொடங்கியதே 'லீ என்பீல்ட் 5 ஆம் இலக்கம்'. 'காட்டுத் துப்பாக்கி' என்ற பெயராலேயே அது பின்னர் பிரசித்தி பெற்றது. பொறியியலாளர்கள் பழைய துப்பாக்கியின் குழலை ஆறு அங்குலத்துக்கு மேல் குறுக்கினார்கள். முன்புற மரக்கட்டையைப் பெரும்பகுதி வெட்டி எறிந்தார்கள். தோட்டா புகும் உருக்கு உடற்பகுதியிலும், குழலின் அடிப்பகுதியிலும் உலோகத்தைச் செதுக்கி எடுத்தார்கள். தோட்டாவை ஏற்றுவதற்குப் பிடித்து இழுக்கும் குமிழைக்கூட விட்டுவைக்கவில்லை. அதனுள்ளும் துளைத்துக் குழியாக்கினார்கள். முடிவில் நிறை ஏறத்தாழ 7 இறாத்தலாயிற்று. நீளம் 39½ அங்குலமாயிற்று. கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். அதன் வடிவமும் கண்ணுக்கு அழகாயிருந்தது.

சுட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. தோட்டா பழைய தோட்டாவே. அதன் பலம் சிறிதும் குறையவில்லை. பாரம் குறைந்த துப்பாக்கி தோளை முன்னிலும் வலுவாக உதைத்தது. உதைப்பைத் தணிக்க அடிக்கட்டையின் முனையில் ஒரு றப்பர் மெத்தை பொருத்தப்பட்டது. அந்த மெத்தையோ ஒடுக்கமானது. ஆகவே உதைப்பு முழுவதும் சிறிய இடத்திலே குவிந்தது. காலஞ்செல்ல றப்பரும் இறுகிக் கட்டையாகியது. குழல் குறுகியதால் வெடிமருந்து முற்றாக எரியுமுன்பே குண்டு வெளியேறிவிட, குழலின் வாயில் பெரிய தீச்சுவாலை தோன்றிற்று. காட்டின் இருளில் அச்சுவாலை சுடுபவனுடைய கண்ணைக் கூச வைப்பதுடன், அவன் இருக்கும் இடத்தையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனை மறைப்பதற்குக் குழலின் வாயில் புனல்போன்ற ஓர் உறுப்பு மாட்டப்பட்டது. குறைத்த பாரத்தில் ஒரு பங்கு இவ்வாறு வேறு வழியாகத் திரும்பி வந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை வேறொன்று. இன்று குறிகாட்டியைச் சரிசெய்து குறியிற் படச் சுட்ட துப்பாக்கி, சில காலத்தின் பின் அதே நிலையில் வைத்துச் சுட்டபோது வேறிடத்தில் சுடுகிறது என்று முறைப்பாடுகள் எழுந்தன. 'குறி அலைகிறது' என்பதே குற்றச்சாட்டு. உடற்பகுதியில் உலோகத்தைச் செதுக்கியதால் விறைப்புக் குன்றியதே காரணம் என்று பலர் கருதினார்கள். காரணம் அதுவே என்று ஐயமற நிறுவப்படவில்லை. இக்காலத்திலும் இத்துப்பாக்கியை ஆராய்வோரிடையே இதுபற்றிய விவாதம் ஓயவில்லை. ஆயினும் படையினரின் நம்பிக்கை தளர்ந்துவிட்டது. ஏறத்தாழ 2½ இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்ட பின்னர், 1947 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. செய்யப்பட்டவை 1948 இல் ஆரம்பித்த மலாயாக் காட்டுப் போரில் தொடர்ந்து உழைத்தன. அதன்பின் 1950 களில் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட புதிய துப்பாக்கியின் நிறையோ ஏறத்தாழ 4.3 கிலோகிராம், பழைய 9 இறாத்தலினும் சற்றுக் கூட!

எங்கே வெட்டுவது?

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு துப்பாக்கியின் கதையையும் அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 4 ஆம் இலக்கத் துப்பாக்கிகளில் மிகச் செம்மையாகச் சுடுபவற்றைப் பொறுக்கி எடுத்து, தொலைநோக்கி பொருத்தி, குறிபார்த்துச் சுடுவதில் வல்ல வீரர்களுக்கு வழங்கினார்கள். இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தது லண்டன் நகரின் 'ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட்' என்ற புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனம். தொலைநோக்கியும், கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் மரத்துண்டும் சேர, நிறை 11 இறாத்தலுக்கு மேற்பட்டது. யாரும் குறைகூறவில்லை.

1970 இல் அந்தத் துப்பாக்கிகளையே புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தபோது, பொறியியலாளர்கள் முன்னைய பாடத்தை மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. குழலை மெலிவிக்காமல் முன்னிலும் தடித்ததாக்கினார்கள். முன்புறத்து மரக்கட்டையைப் பாதியாக வெட்டினார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், உலர்ந்தால் வளையும், வளைந்து குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே, முன்புற மரம் நிறையைக் கூட்டியதேயன்றிக் குறிக்கு உதவவில்லை. பணி செய்யும் உலோகம் கூட்டப்பட்டது. சும்மா இருந்த மரம் குறைக்கப்பட்டது. மாற்றியமைக்கப்பட்ட அத்துப்பாக்கி இருபது ஆண்டுகள் வரை பிரித்தானியப் படையிற் சேவை செய்தது.

மரத்தின் குணத்தை அமெரிக்கரும் அனுபவத்தில் அறிந்தார்கள். அவர்களது கடற்படைத் தரைப்பிரிவினர் 1966 இல் வியட்நாம் யுத்தத்துக்கென ஏற்ற துப்பாக்கியின் மரக்கட்டை, அந்நாட்டின் ஈரத்தில் வீங்கிக் குறியைக் கெடுத்தது. 1970 களில் அதற்குப் பதிலாகக் கண்ணாடி நாரினாற் செய்த கட்டையைப் பொருத்தினார்கள்.

குழலைப் பொறுத்தவரை கணிதம் இன்னும் சுவையானது. உருண்டையான ஒரு கோலின் நிறை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். ஆனால், விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்குக்கேற்ப மாறும். விட்டத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால் நிறை நூற்றுக்கு 19 பங்கு குறையும். விறைப்போ நூற்றுக்கு 34 பங்கு குறைந்துவிடும். நீளத்தைக் குறைத்தால் நிலைமை நேர்மாறானது. நீளத்தில் ஐந்திலொரு பங்கை வெட்டினால் நிறையும் அதே அளவு குறையும். ஆனால், முனை வளையும் அளவு பாதியாகிவிடும். எனவே, குறி கெடாமற் பாரத்தைக் குறைக்க விரும்புவோர் குழலை மெலிவிப்பதினும் குறுக்குவதையே நாடுகிறார்கள். அதற்கும் விலை உண்டு. ஓர் அங்குலம் குறையும்போது குண்டின் வேகம் பெரும்பாலும் செக்கனுக்கு 20 முதல் 30 அடி வரை குறைகிறது. ஓசையும் சுவாலையும் கூடுகின்றன.

இன்னொரு வழி, குழலின் வெளிப்புறத்தில் நீளவாட்டிலே பள்ளங்களை வெட்டுதல். இதனால் குழல் முன்னிலும் விறைப்பாகிறது என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அது தவறு. உலோகத்தை வெட்டி எடுத்தபின் விறைப்புக் கூடுவது எங்ஙனம்? உண்மை யாதெனில், பள்ளம் வெட்டிய தடித்த குழல், அதே நிறையுடைய மெல்லிய குழலினும் விறைப்பானது. பொருளை நடுவில் குவிக்காது வெளிவிளிம்பிற் பரப்பி வைப்பதே சூக்குமம். மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் பெருங்காற்றைத் தாங்கி நிற்பதும், பறவையின் எலும்பு குழலாயிருந்தும் சிறகின் விசையைத் தாங்குவதும் இந்த முறையாலேயே.

புதிய உலோகங்களும் கைகொடுக்கின்றன. உருக்கின் அடர்த்தி தண்ணீரினும் ஏறத்தாழ 7.8 மடங்கு, தைத்தேனியத்தினது 4.5 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு, காபன் நாரைப் பிசினுடன் சேர்த்துச் செய்த பொருளினது 1.6 மடங்கு அளவே. இன்று மெல்லிய உருக்குக் குழலின் மேல் காபன் நாரைச் சுற்றித் தடித்த குழல்களைச் செய்கிறார்கள். நிறை குறைவு, விறைப்பும் உண்டு. ஆனால், அப்பிசின் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆகவே, சூடு எவ்வாறு வெளியேறும் என்ற கவலை புதிதாய்ப் பிறக்கிறது. பின்னுதைப்பைக் குறைக்கக் குழலின் வாயில் துளைகளுள்ள உறுப்பொன்றைப் பொருத்தி, வாயுவைப் பக்கவாட்டிலே திருப்பிவிடுவதும் உண்டு. அது சுடுபவரின் தோளைக் காக்கும். பக்கத்தில் நிற்பவரின் காதைப் பதம்பார்க்கும். இயற்கை எதனையும் இனாமாகக் கொடுப்பதில்லை.

துலா சொல்லும் பாடம்

எவ்வளவு பாரம் என்பதைப் போலவே, எங்கே பாரம் என்பதும் முக்கியமானது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலே துலா மிதித்து நீர் இறைத்த தலைமுறையினருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. துலாவின் அடிப்புறத்திலே பாரத்தைக் கட்டினால் துலாவின் மொத்த நிறை கூடத்தான் செய்கிறது; ஆனால், நீர் நிறைந்த பட்டை எளிதாக மேலே வருகிறது.

துப்பாக்கியும் அவ்வாறே. புவியீர்ப்பு மையம் இரண்டு கைகளுக்கும் இடையில் அமைந்தால் பாரமான துப்பாக்கியும் கைக்கு அடங்கியதாகத் தோன்றும். குழலின் நுனியிற் பாரம் குவிந்தால் இலேசான துப்பாக்கியும் கையை இழுக்கும். நுனியிலுள்ள 100 கிராம், நடுவிலுள்ள 100 கிராமைப் போன்றதன்று. அது திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு, நடுவிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். இதனையே சடத்துவத் திருப்பம் என்று பாடநூல்கள் கூறும். ஓடும் இலக்கைத் தொடர்ந்து திரும்ப வேண்டியவருக்கு நுனிப்பாரம் இடைஞ்சல். அசையாத இலக்கை நோக்கி நிற்பவருக்கு அதுவே துணை. இக்காரணத்தாற் போட்டி வீரர்கள் சிலர் சிறு உலோக வில்லைகளைக் குழலின் அடியிலும் நுனியிலும் மாற்றி மாற்றிப் பொருத்தித் தத்தம் உடல்வாகுக்கேற்ற சமநிலையைத் தேடிக்கொள்ளுகிறார்கள். ஒருவருக்குப் பொருந்தியது மற்றொருவருக்குப் பொருந்தாது.

பனியில் ஓடி, நின்று சுடுவோர்

பாரம் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு கட்சிகளையும் ஒரே முதுகில் ஏற்றிவைத்த விளையாட்டு ஒன்று உண்டு. 'பயத்லன்' என்பது அதன் பெயர். பனிநாடுகளின் விளையாட்டாகிய இது, 1960 இல் அமெரிக்காவின் ஸ்குவா வலி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றது; பெண்களுக்கு 1992 இல் இடம் கிடைத்தது. வீரர் துப்பாக்கியை முதுகிற் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் மலையேறி இறங்கிப் பல கிலோமீற்றர் விரைகிறார். இடையிடையே நின்று, 50 மீற்றர் தூரத்திலுள்ள ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் விட்டம் 45 மில்லிமீற்றர். நின்று சுடும்போது 115 மில்லிமீற்றர். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, அந்த நிலையிலே கை அசையலாகாது. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும், போட்டியின் வகைக்கேற்ப, மேலதிக ஓட்டமோ நேரமோ தண்டமாகும்.

ஓடும்போது, துப்பாக்கி இறகுபோல் இருக்கக்கூடாதா என்று வீரர் ஏங்குவார். சுடும்போதோ, அது பாறைபோல் நிற்கக்கூடாதா என்று ஏங்குவார். இந்த வழக்குக்கு விளையாட்டுச் சங்கத்தார் வழங்கிய தீர்ப்பு, துப்பாக்கி 3.5 கிலோகிராமிற் குறையலாகாது என்பது. ஒலிம்பிக் சுடுபோட்டியில் 'இதற்கு மேற்படலாகாது' என்று விதி. இங்கே 'இதற்குக் குறையலாகாது' என்று விதி. ஒரே பொருளுக்கு இரண்டு எதிர்மாறான சட்டங்கள்! இவ்விரண்டையும் நோக்கினால், பாரம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே பொருளற்றது என்பது புலனாகும். என்ன வேலைக்கு என்பதே கேள்வி.

இங்கும் காட்டுத் துப்பாக்கி கற்பித்த பாடத்தையொட்டிய மாற்றமொன்று நிகழ்ந்தது. 1977 வரை இவ்விளையாட்டிற் பெரிய தோட்டாத் துப்பாக்கிகள் பயன்பட்டன. 1978 முதல் சிறிய தோட்டா வழக்குக்கு வந்தது. தோட்டா சிறியதானதும் உதைப்பு அற்பமாயிற்று. உதைப்பைத் தாங்கும் பொருட்டுச் சுமந்த பாரத்துக்கு அவசியம் இல்லாமற் போயிற்று. பாரத்தை வெட்டுமுன் பாரத்தின் பணியைக் குறைத்தார்கள். காட்டுத் துப்பாக்கியைச் செய்தோருக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை. யுத்தகாலத்தில் இலட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கென ஏற்பட்ட தோட்டாவை அவர்களால் மாற்ற இயலாது.

எவரும் எண்ணாத நாலாவது பணி

பாரத்துக்கு மூன்று பணிகள் உண்டென்று மேலே கூறினோம். பொறியியலாளரின் கணக்கில் வராத நாலாவது பணி ஒன்றும் உண்டு.

முற்காலப் போர்த் துப்பாக்கிகள் பாரமானவை, நீண்டவை, சுடுவதற்கும் மீண்டும் மருந்து நிரப்புவதற்கும் வளர்ந்த ஆணின் உடற்பலத்தை வேண்டின. அக்காலப் படைகளிலும் சிறுவர் இருந்தனர். ஆனால், முரசறைவோராகவும் ஏவல் செய்வோராகவுமே பெரும்பாலும் இருந்தனர். துப்பாக்கியைத் தூக்க மாட்டாத தோள் துப்பாக்கியிலிருந்து தப்பியது. அந்தப் பாரம் ஒரு வேலியாக நின்றது. வேலி நிற்கிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் துப்பாக்கிகள் இலேசாயின; மலிந்தன; கையாள எளிதாயின. மொசாம்பிக் நாட்டின் முன்னாட் கல்வி அமைச்சர் கிராசா மாசெல் அம்மையார், யுத்தம் குழந்தைகளுக்கு விளைக்கும் கேடுகளை ஆராய்ந்து 1996 இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். இலேசான ஆயுதங்கள் பெருகியதனால் முன்னெப்போதிலும் இளைய பிள்ளைகளைப் போராளிகளாக்குவது எளிதாகிவிட்டது என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. பத்து வயதுப் பிள்ளையும் கழற்றிப் பூட்டக்கூடிய துப்பாக்கி உலகெங்கும் பரவியிருந்தது. 2000 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் கட்டாயமாகப் படையிற் சேர்ப்பதையும் நேரடிப் போரில் ஈடுபடுத்துவதையும் தடுக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியது. உருக்கினாலும் மரத்தினாலும் நின்ற வேலி சாய்ந்தபின், எழுத்தினால் ஒரு வேலி கட்ட வேண்டியதாயிற்று. இந்த வேதனையை எமது தீவுக்கு வேறொருவர் வந்து விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாங்குகளில் வெறுமையான இடங்களைப் பார்த்த ஊர்கள் எம்மிடையே உண்டு.

ஒரு பொருளை இலேசாக்க முனையும் பொறியியலாளர், இந்த உலோகம் எந்த விசையைத் தாங்குகிறது என்று கேட்கிறார். அது கேட்க வேண்டிய கேள்வியே. அதனுடன், இந்தச் சிரமம் யாரை எதிலிருந்து காத்து நிற்கிறது என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். கேட்டறிந்தபின் குறைக்கத்தக்கதைத் தயங்காமற் குறைக்கலாம். முதுகு வளைந்தவனுக்கு அது பேருதவி. கேளாமற் குறைத்ததன் பயனைக் காட்டுத் துப்பாக்கி ஏந்திய வீரன் தன் தோளில் அனுபவித்தான். வேலி சாய்ந்தபின் வந்ததைப் பிள்ளைகள் அனுபவித்தார்கள். கருவிகளைச் செய்யும் தொழிலை நாளை மேற்கொள்ளவிருக்கும் மாணவர்கள் இவ்விரண்டு கேள்விகளையும் ஒருங்கே கற்றுக்கொள்வார்களாக.